மாமா, மரை கழண்டது எனக்கில்லை

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களின் மேலான பார்வைக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், உங்கள் மகள் நலம், வண்டி ஏறக்குறைய நலம். அங்கு உங்கள் முழங்காலும் அத்தையின் ரத்த அழுத்தமும் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ம்" என்பேன், பிறகு "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நம் உரையாடல் அப்படித்தான் நடந்துவருகிறது. கடிதத்தில் என்னை இடைமறிக்க முடியாது என்பதால், கல்யாணத்துக்கு நீங்கள் பரிசாகக் கொடுத்த மைப்பேனாவையே தேடி எடுத்து மை நிரப்பி உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உங்கள் மகளிடம் போனில் இரண்டு விஷயம் சொன்னீர்கள். அவள் கீழே வண்டியருகில் என் பக்கத்தில் நின்றுதான் பேசினாள், போன் ஸ்பீக்கரில் இருந்தது. "எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டாரா? மாப்பிள்ளைக்கு மரை கிரை கழண்டுபோச்சா?" என்பது ஒன்று. "நானே டூல் பாக்ஸோட கிளம்பி வர்றேன், ரெண்டு நாள் வேலை" என்பது மற்றொன்று. முதலாவதை நான் பொருட்படுத்தவில்லை, பெரியவர்கள் நாலு வார்த்தை சொல்வார்கள். இரண்டாவதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன தடவையும் ரெண்டு நாள் என்றுதான் வந்தீர்கள். வந்து, சட்டைப் பையில் அந்தப் பச்சை மைக் கறையோடு வீடு முழுக்க நடந்து, நன்றாக இருந்த கதவுத் தாழ்ப்பாளை எல்லாம் கழற்றித் தலைகீழாக மாட்டி, குளிர்பெட்டிக் கதவுக்கு சைக்கிள் டியூப் கட்டி, குளியலறைக் குழாயை எதிர்ப்பக்கம் திறக்கும்படி பண்ணி, நீங்கள் ஊருக்குக் கிளம்பியபோது நான் உடம்பு இளைத்துப் போயிருந்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் குளிக்க வரும் விருந்தாளி தண்ணீரை நிறுத்தத் தெரியாமல் உள்ளிருந்து கூப்பிடுகிறார். ஆகவே நீங்கள் வரவேண்டிய அவசியமே இல்லை என்பதை நிரூபிப்பதுதான் இந்தக் கடிதத்தின் ஒரே நோக்கம். நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், முடிவை நீங்களே எடுங்கள்.

முதலில் ஒன்று. நீங்கள் உங்கள் பழைய காரை உங்கள் மகளுக்குக் கொடுத்தபோது எஞ்சின் இருந்த கோலத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமனார் மானம் என் மானம். பானெட்டைத் திறந்தால் உள்ளே காய்ந்த இலை, பழைய பனியன் துணி, ஒரு சோப்பு டப்பா, போதாக்குறைக்கு ஒரு ரப்பர் குழாயின் வாயில் யாரோ செருகிவிட்டுப் போன பச்சைப் பேனா மூடி. எஞ்சினா எழுதுபொருள் கடையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அத்தனையையும் வாரிக் குப்பையில் போட்டு, துடைத்து, பளபளவென்று வைத்தேன். இதற்கெல்லாம் நன்றி எதிர்பார்க்கிறவன் இல்லை நான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அந்த விசில் ஆரம்பித்தது. வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சினுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில், கூடவே ஒரு குலுக்கல். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டியில் இருக்கும் பெண்கள் என்னைத் திரும்பி முறைக்கிறார்கள். நான் இல்லைம்மா, எஞ்சின் என்று எத்தனை பேருக்குச் சொல்வது? தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினேன். அவருக்கு எங்கள் பக்கத்தில் 'பாத்துக்கலாம்' என்று பெயர். பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் பாத்துக்கலாம் என்பார். அவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்டேக் மேனிஃபோல்டுல கீறல் இருக்கும்" என்றார். எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் அந்தக் குழாய்க் கொத்துதான் மேனிஃபோல்டு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொன்னது 'இருக்கும்'. என் காதில் விழுந்தது 'இருக்கு'. ஒரு எழுத்துதான் மாமா, அதற்குள் நான் புது மேனிஃபோல்டு வாங்கிவிட்டேன்.

இதற்கிடையில் உங்கள் மகளுக்கு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்துத் திரும்ப வேலைக்குப் போகிறாள், கிடைத்த அன்று அவள் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். ஒன்றாம் தேதி சேர வேண்டும், முதல் ஷிப்டு விடிவதற்கு முன்னால், அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வண்டியை நம்பித்தான் சரி என்று சொன்னாள். அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒண்ணாந்தேதி காலைல நான் அங்க இருக்கணும். வண்டியில போறேனா, உங்க முதுகுல ஏறிப் போறேனா, நீங்களே முடிவு பண்ணிக்குங்க." நான் சிரித்தேன். "போம்மா, ரெண்டு மணி நேர வேலை" என்றேன். ஏனென்றால் நான் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர், பாட்டுப் போட்டுக்கொண்டு, மேனிஃபோல்டைக் கழற்றி மாட்டி, கடைசியில் கையுறையைக் காட்டுகிறார், அழுக்கே இல்லை. அந்த மனுஷன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

நட்டுகள் எல்லாம் சமர்த்தாகக் கழண்டன. பழைய மேனிஃபோல்டும் கையோடு வந்துவிட்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் புது மேனிஃபோல்டின் விளிம்பு தடிமன் அதிகம், எஞ்சினில் நீட்டிக்கொண்டிருந்த பழைய ஸ்டட்டுகளின் நீளம் அதற்குப் பத்தவில்லை. எட்டையும் கழற்றிப் புதிது போட்டால்தான் ஆகும். ஸ்டட்டு என்றால் இரண்டு முனையிலும் மரை உள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். போல்ட்டுக்காவது ஒரு தலை இருக்கிறது, ஸ்பானரைப் போட்டுத் திருப்பலாம். தலையே இல்லாதவனை எதைப் பிடித்து வழிக்குக் கொண்டுவருவது? நம் குடும்பத்திலும் சிலர் அப்படி உண்டு, பெயர் வேண்டாம். அதற்கு வழி, ஒரே ஸ்டட்டில் இரண்டு நட்டை ஏற்றி, ஒன்றோடு ஒன்றை இறுக்கிப் பூட்டி, உள்ளே இருக்கிற நட்டைப் பிடித்துத் திருப்புவது. ஸ்டட்டும் சேர்ந்து சுழன்று வரும். முன்வரிசை நாலும் இப்படியே, கொஞ்சம் துருநீக்கி எண்ணெய் குடித்துவிட்டு, வந்துவிட்டன. நான் மாடிக்குப் போய் உங்கள் மகளிடம் நாலையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். "மீதி?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கண் பட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

பின்வரிசை நாலும் எஞ்சினுக்கும் அதன் பின்னால் இருக்கிற தகட்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கின்றன. கை நுழையும், கண் நுழையாது. அதனால் உங்கள் மகளின் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒரு குச்சியில் கட்டி, அதில் பார்த்துப் பார்த்துத் திருப்பினேன். இடது பக்கம் திருப்பினால் கழலும், அது எனக்குத் தெரியும், நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. காலையிலிருந்து மதியம் வரை திருப்பினேன். திருப்பத் திருப்ப அது இன்னும் கெட்டியாகிக்கொண்டே போனது. எண்ணெய் ஊற்றினேன், சுத்தியலால் தட்டினேன், கெஞ்சினேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். டீ கொண்டுவந்த உங்கள் மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"எந்தப் பக்கம் திருப்புறீங்க?"

"இடது பக்கம்."

"கண்ணாடியில இடதா, நிஜத்துல இடதா?"

நான் டீயைக் குடித்தேன். வேறு என்ன செய்ய? "தினமும் கண்ணாடியைப் பாத்துத்தான் தலை வாருறீங்க, இன்னும் வகிடு எந்தப் பக்கம்னு தெரியலை உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அரை நாளாக நான் அந்த ஸ்டட்டுகளைக் கழற்றவில்லை மாமா, ஆயுசுக்கும் கழலாதபடி இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். குளியலறைக் குழாயை நீங்கள் எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டுப் போனதிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் எந்தப் பக்கம் திருப்பினால் எது திறக்கும் என்ற தெளிவே இல்லை.

தெரிந்த பிறகு, சரியான பக்கம் திருப்பினேன். அசையவில்லை. ஸ்பானரின் பின்னால் ஒரு நீளக் குழாயை மாட்டி, காலைத் தரையில் ஊன்றி, ஒரு இழு இழுத்தேன். "டிக்" என்று ஒரு சத்தம். "கழண்டுடுச்சு" என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன். அக்கம்பக்கத்தில் இரண்டு ஜன்னல் திறந்தது. பிறகுதான் பார்த்தேன், கையில் பாதி ஸ்டட்டு இருக்கிறது, மீதிப் பாதி எஞ்சினுக்குள் சுவரோடு சுவராக முறிந்து நிற்கிறது. கழண்டது என்று ஊருக்கே சொல்லிவிட்டு முறிந்தது என்று எப்படித் திருத்துவது? பேசாமல் ஜன்னல்களைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள்.

பாத்துக்கலாமைக் கூப்பிட்டேன். வந்தார். பார்த்தார். முறிந்த ஸ்டட்டின் நடுவில் துளை போட்டு, அதில் எதிர்ப்பக்கம் சுற்றும் இடமரை உள்ள ஒரு ஆணியைச் செருகித் திருப்பினால், ஆணி உள்ளே கவ்விக்கொண்டு ஸ்டட்டை வெளியே இழுத்துவரும் என்றார். நன்றாகத்தான் விளக்கினார். செருகினார், திருப்பினார், மறுபடியும் அதே "டிக்". இப்போது ஸ்டட்டும் உள்ளே, அதற்குள் அவருடைய ஆணியும் உள்ளே. அந்த ஆணி எந்த டிரில்லுக்கும் மசியாத உருக்காம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதையாகிவிட்டது. நான் அவரைப் பார்த்தேன், அவர் வானத்தைப் பார்த்தார். "பாத்துக்கலாம்" என்றார். "யார் பாத்துக்கறது?" என்று கேட்டேன். அதற்குள் அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீங்கள் போன் பண்ணியது. எனக்கு மரை கழண்டுபோச்சா என்று நீங்கள் கேட்டபோது, எந்த மரையாவது கழண்டால் போதும் என்ற நிலையில்தான் மாமா நான் கீழே படுத்திருந்தேன்.

மறுநாள் ஒரு வெல்டிங்காரரைக் கூட்டிவந்தேன். அவர் முறிந்த இடத்தின் மேல் ஒரு நட்டை வைத்து, அதையும் இதையும் ஒன்றாகப் பற்றவைத்தார். முதல் நட்டு பிடிக்காமல் கையோடு வந்தது, இரண்டாவதும் வந்தது, மூன்றாவது நட்டு பிடித்துக்கொண்டது. அந்தச் சூட்டில் துரு இளகி, கிரீச்சென்று ஒரு கூச்சலோடு பாதி ஸ்டட்டும் ஆணியும் வெளியே வந்தன. அவர் போகும்போது என் பெட்ரோல் டேங்குக்கும் அவர் வெல்டிங் பொறிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்று அளந்து காட்டிவிட்டுப் போனார். வேலை ஆரம்பிக்கும் முன்னால் காட்டியிருக்கலாம்.

மிச்சம் மூன்று. ஸ்டட்டைச் சூடாக்கி, சூட்டோடு மெழுகுவத்தியை அதன் அடியில் வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும், எண்ணெய் போகாத இடத்துக்கும் போகும் என்று எங்கோ படித்தேன். வண்டி நிறுத்தும் கீழ்த்தளம் இருட்டாக வேறு இருந்ததால் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்திப் பானெட் ஓரத்திலேயே நட்டுவைத்தேன். அந்த நேரம் பார்த்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். தரையில் எண்ணெய் சிந்தியதற்காக என்னைத் திட்ட வந்தவர், திறந்த பானெட்டையும், எரிகிற மெழுகுவத்தியையும், பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்துக் குரலைத் தாழ்த்திவிட்டார்.

"எப்ப ஆச்சு?" என்று கேட்டார்.

"இன்னும் ஆகலை சார், முயற்சி பண்ணிட்டிருக்கோம்" என்றேன்.

தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். எண்ணெய்ப் பேச்சையே எடுக்கவில்லை. மெழுகு வேலை செய்தது மாமா, இரண்டு வந்துவிட்டன. கடைசி ஒன்று மட்டும் அடம். அதோடு மல்லுக்கட்டி, கை கொப்புளித்து, சாப்பிட மாடிக்குப் போனேன். இறங்கி வந்தால் உங்கள் மகள் கையில் அந்த ஸ்டட்டை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "சும்மா திருப்பினேன், வந்துடுச்சு" என்கிறாள். அது சும்மா வரவில்லை. நான் காலையெல்லாம் இளக்கி வைத்திருந்தேன், ஆறியதும் யார் தொட்டாலும் வந்திருக்கும். கெட்டி மூடியுள்ள பாட்டிலைப் பத்துப் பேர் திருகித் தோற்ற பிறகு பதினோராவது ஆள் திறந்து பெயர் வாங்குவதில்லையா, அப்படி. இதை அவளிடமும் சொன்னேன். "ஆமாமா" என்றாள். அந்த ஆமாமாவை எழுத்தில் எழுதிக் காட்ட முடியாது.

ஆக, எட்டு ஸ்டட்டும் கழண்டன, எட்டும் புதிது போட்டாயிற்று, புது மேனிஃபோல்டு மாட்டியாயிற்று. குழாய்கள் எல்லாவற்றையும் பழையபடியே மாட்டினேன். ஒரே ஒரு சின்ன ரப்பர் குழாயின் மறுமுனை மட்டும் எங்கும் போகாமல் தொங்கியது, முன்பும் தொங்கியது, கம்பெனிக்காரன் உபரியாக விட்டிருப்பான் என்று அப்படியே விட்டுவிட்டேன். சாவியைத் திருப்பினேன், முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. என் கண் கலங்கியதை ஒத்துக்கொள்கிறேன், புகையும் கொஞ்சம் இருந்தது. விசில் இன்னும் லேசாக இருக்கிறது, குலுக்கலும் உண்டு, முன்பு இருந்த அளவுக்குத்தான். புது உதிரிபாகம் எஞ்சினோடு பழகும் வரை அப்படித்தான் இருக்கும் என்று பாத்துக்கலாம் போனில் சொன்னார். மருமகளே புகுந்த வீட்டில் பழக நாளாகிறது, மேனிஃபோல்டு ஆகாதா?

எனவே மாமா, உங்கள் வயதுக்கும் முழங்காலுக்கும் இந்தப் பயணம் தேவையில்லாத சிரமம். டூல் பாக்ஸ் கனம் வேறு. உங்கள் மகள் ஒன்றாம் தேதி ராஜாத்தி மாதிரி வண்டியில் வேலைக்குப் போவாள். எனக்கு எந்த மரையும் கழலவில்லை என்பதும், கழற்றியதெல்லாம் நான்தான் என்பதும் இதிலிருந்து தெளிவாகியிருக்கும். வாழ்க்கையில் இவன் என்னத்தைக் கழட்டினான் என்று இனி யாராவது உங்களிடம் கேட்டால், எட்டு என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் வணக்கங்கள். உங்கள் ஆசி தூரத்திலிருந்தே எங்களுக்குப் போதும், நேரில் வந்து தரவேண்டும் என்ற கட்டாயமில்லை.

என்றும் பணிவுள்ள,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை முடித்து, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி உங்கள் மகளிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே படித்தவள், பச்சைப் பேனா மூடி என்று வருகிற இடத்தில் நிறுத்திவிட்டாள். "இந்த மூடியை எடுத்து எறிஞ்சது நீங்களா?" என்றாள். குப்பைதானே என்றேன். அவள் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள், மேஜையிலிருந்த அதன் மூடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். எஞ்சினை ஓடவிட்டு, அந்தத் தொங்குகிற ரப்பர் குழாயின் வாயில் மூடியைச் செருகி ஒரு அழுத்து அழுத்தினாள். விசில் நின்றது. குலுக்கல் நின்றது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வழியில் எங்கோ வண்டி நின்று, அந்தக் குழாய் போய்ச் சேருகிற ஏதோ ஒரு பாகம் கெட்டு, நீங்கள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எஞ்சின் அந்த வழியாகக் காற்றை உறிஞ்சாமல் இருக்கக் குழாயை உங்கள் பேனா மூடியால் அடைத்தீர்களாம். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாளாம். "வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "பானெட் பக்கம் வந்தாலே, இது டெக்னிக்கல் விஷயம் நீ போன்னு விரட்டினீங்களே" என்றாள். பழைய மேனிஃபோல்டை வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல் கூட இல்லை மாமா. நீங்கள் போனில் கேட்டீர்களே, அந்தக் கேள்விக்குப் பதில், ஆமாம்.

மேலே எழுதியதில் வரவேண்டாம் என்கிற இடங்களை மட்டும் அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளவும். உங்கள் மகள் முதல் நாள் வேலைக்குப் போவதைப் பார்க்க வாருங்கள், ரெண்டு நாளைக்கு என்றே வாருங்கள். குளியலறைக் குழாயைத் தொட வேண்டாம், இப்போது பழகிவிட்டது. மூடியில்லாத பேனாவை மறந்துபோய்ச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், நெஞ்சில் பெரிய நீலக் கறை. உங்கள் மகள் பார்த்துவிட்டு, "போச்சு, அப்படியே அப்பா" என்றாள்.